எதை உண்பது என்பதை யார் தீர்மானிப்பது? உணவுடன் நல்லுறவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், தமிழ் பேசும் குடும்பங்களுக்குப் போசணை ஆலோசனை வழங்கிவரும் எனக்கு, ஆலோசனை அறையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தந்து, என் பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் தங்கள் வைத்தியரின் அறிவுறுத்தலுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

1. சாப்பாட்டோட நல்ல உறவு எண்டால் என்ன? சாப்பாடு சாப்பாடுதானே?

பசித்தால் உண்ணவும், போதுமென்றால் நிறுத்தவும், ஒன்றை விரும்பி எடுக்கவும், விரும்பாததை மரியாதையாக மறுக்கவும் முடிகிற நிலையையே நான் அப்படிச் சொல்கிறேன். அந்த நிலையில் இருப்பவர் சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். உறவு கெட்டிருப்பவரோ காலையில் உண்ட இடியப்பங்களை மத்தியானம்வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். மாலையில் எதைத் தவிர்த்து அதை ஈடுசெய்யலாம் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்குப் பிழைத்த அன்று தன்னையே ஏசிக்கொண்டு, பசியே இல்லாமல் இன்னும் உண்பார்.

எதை உண்பது என்பது ஒருவருடைய சொந்தத் தெரிவு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பயத்தாலோ வெட்கத்தாலோ எடுக்கப்படும் முடிவைத் தெரிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பயத்தைக் குறைப்பது பற்றியதே.

2. அப்ப நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு எண்டு ஒண்டும் இல்லையோ?

பழுதான மீன் கெட்ட சாப்பாடு. ஒவ்வாமை உள்ளவருக்கு இறால் கெட்ட சாப்பாடு. உணவுகளுக்கிடையே போசணையில் வேறுபாடு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோற்றில் நார்ச்சத்து அதிகம், மீன் பணிஸில் குறைவு. சிவப்பரிசி சாப்பிட்டவர் ஒழுக்கமானவர், மீன் பணிஸ் சாப்பிட்டவர் கட்டுப்பாடற்றவர் என்று உணவின் தரத்தை உண்பவரின் குணத்தின் மேல் ஏற்றும்போதுதான் பிழை தொடங்குகிறது.

இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைவென்றால் பச்சை. இது மிகவும் பயனுள்ள தகவல், பார்த்தே வாங்குங்கள். அந்தச் சிவப்பு வட்டம் போத்தலுக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்கிறது; அதைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

3. எல்லாம் சாப்பிடலாம் எண்டு விட்டால் நான் நிப்பாட்ட மாட்டனே! பிறகு ஒவ்வொரு நாளும் கொத்து ரொட்டிதான்.

எல்லோருக்கும் உள்ள பெரிய பயம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், போரில் சேர மனச்சாட்சி இடங்கொடாத 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்துடன் சேர்த்து ஓர் ஆய்வை ஆரம்பித்தார். ஆய்வின் ஒரு கட்டத்தில், 24 வாரங்களுக்கு, முன்னர் உண்டதில் ஏறக்குறைய பாதியளவே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. உடல் மெலிந்ததோடு அவர்களுடைய சிந்தனை முழுவதையும் உணவே பிடித்துக்கொண்டது. அதுவரை அடுப்பங்கரைப் பக்கம் போகாதவர்கள் சமையல் நூல்களைத் தேடி வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளை உணவை நெடுநேரம் இழுத்து இழுத்து உண்டார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு கொள்ளாத அளவு உண்டும் திருப்தியடையவில்லை. மன உறுதியில் குறைந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. பட்டினிக்கு உடல் தருகிற பதில் அது.

வீட்டில் நடப்பதைப் பாருங்கள். நத்தாருக்கு வந்த லவ் கேக்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தவர், இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்து, மிக மெல்லிய துண்டொன்றை வெட்டி நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். வெட்டிய ஓரம் கோணலாக இருக்கிறதென்று அதை நேராக்க இன்னொன்று வெட்டுவார். பெட்டியை மூடி, விளக்கை அணைத்து, மறுபடி வருவார். முடிவில் இரண்டு முழுத் துண்டளவு போயிருக்கும். ஒரு வாயையும் ருசித்திருக்க மாட்டார். அதே கேக்கை மாலைத் தேநீருடன் தட்டில் வைத்து உட்கார்ந்து உண்பவருக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு போதும். நாளைக்கும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

தடையை நீக்கிய முதல் சில வாரங்களில் கொத்து ரொட்டி கூடுதலாகவே உள்ளே போகலாம், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரே உணவு தொடர்ந்து கிடைக்கும்போது அதன் மேலுள்ள ஈர்ப்பு தணிவதும் மனிதருக்கு இயல்பே. நாலாவது நாள் கொத்து ரொட்டிக்குப் பிறகு ஒரு கோப்பை சொதியும் இடியப்பமும் கேட்டு வந்தவர்கள் பலர்.

4. பசி எது, வாய்க்கு ருசி கேக்கிறது எது எண்டு எனக்கே தெரியேல்லை.

வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கோட்டைக்குப் போய், வேலை முடியவில்லையென்று மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளுகிறவருக்கு அது தெரியாமற்போவதில் வியப்பில்லை. அவருடைய பசி காலையிலேயே அடக்கப்பட்டுவிட்டது. ஆறு மணிக்கு அது திரும்பி வரும்போது ரோல்ஸ் விற்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அவரால் நிதானமாகத் தெரிவு செய்ய முடியாது.

ஆகவே அறிகுறிகளை ஆராய்வதற்கு முன், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உண்ணும் ஒழுங்கைச் சில வாரங்களுக்குக் கடைப்பிடியுங்கள். வயிற்றில் வெறுமை, கவனச் சிதறல், எரிச்சல், உடற் சோர்வு ஆகியவை பசியின் அடையாளங்கள் என்பது அப்போது தானாகவே தெளியும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டுவதற்கு ஏறக்குறைய 20 நிமிடங்கள் எடுக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ருசிக்காக உண்பதும் குற்றமில்லை. அதை ருசிக்காக உண்கிறோம் என்று தெரிந்து உண்டால் போதும்.

5. அப்ப விரதம் பிடிக்கிறதும் பிழையோ? நோன்பு பிடிக்கிற ஆக்களும் இருக்கினம்தானே?

பிழையில்லை. கந்தசஷ்டிக்கு விரதமிருப்பவரும் ரமழானில் நோன்பு நோற்பவரும் உணவுக்குப் பயந்து அதைச் செய்வதில்லை. நம்பிக்கையினால், ஒரு காலத்துக்கு, சமூகத்தோடு சேர்ந்து செய்கிறார்கள். முடிவில் பாரணையும் இப்தாரும் இருக்கின்றன. நான் கவனிக்கச் சொல்வது விரதம் முடிந்த மறுநாளை. வழமைக்குத் திரும்ப முடிகிறதா, அல்லது குறைந்த எடை ஏறிவிடுமோ என்று இன்னும் ஒரு நாளை நீட்டத் தோன்றுகிறதா? இரண்டாவதென்றால், பக்தியின் பெயரில் வேறொன்று நடக்கிறது.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிகளுக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்பதை என்னிடம் வரும் உம்மாமாருக்கு அவர்களுடைய பிள்ளைகளே எடுத்துச் சொல்வதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்.

6. மாமி வீட்டில இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு போட்டுக்கொண்டே இருக்கினம். வேண்டாமெண்டால் கோவம்.

இப்படிப் பரிமாறுகிறவர்களில் பலர், 1970களின் நடுப்பகுதியில் ஓர் இறாத்தல் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள். சிலர் 1983 யூலையில் உடுத்த உடையோடு வீட்டை விட்டோடி, முகாம்களில் கொடுத்ததை உண்டவர்கள். தட்டு நிறைந்திருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த அன்பை ஏற்றுக்கொண்டு அளவை மட்டும் மறுப்பது சாத்தியமே.

வெறுமனே "வேண்டாம்" என்றால் சமையலைக் குறை சொன்னது போலாகிவிடும். "கணவாய்க் கறி நல்லா இருக்குது மாமி, வயிறு நிறைஞ்சிட்டுது. கொஞ்சம் கட்டித் தாங்கோ, நாளைக்குச் சாப்பிடுறன்" என்று சொல்லிப் பாருங்கள். கையால் தட்டை மறைப்பதையும் காரணங்களை அடுக்குவதையும் விட இது வேலை செய்கிறது. எடை குறைக்கிறேன் என்ற காரணத்தை மட்டும் பந்தியில் சொல்லாதீர்கள். அதன் பிறகு பந்தி முழுவதும் உங்கள் உடம்பைப் பற்றியே பேசும்.

7. தட்டில மிச்சம் விட்டால் பாவம் எண்டு வளர்த்திட்டினம். விடவும் முடியேல்லை, சாப்பிடவும் முடியேல்லை.

முதலில் குறைவாகப் போட்டுக்கொண்டு, தேவையென்றால் மறுபடி எடுங்கள். கடைச் சோற்றுப் பார்சலாக இருந்தால், திறந்த உடனேயே, கை படுவதற்கு முன், ஒரு பகுதியை வேறாக எடுத்து வையுங்கள். மீந்ததை வயிற்றுக்குள் தள்ளுவதால் பசித்த எவருடைய பசியும் ஆறுவதில்லை.

8. பிள்ளை மரக்கறியைத் தொடுறானில்லை. சொக்லேட் தாறன் எண்டால்தான் வாயைத் திறக்கிறான்.

அமெரிக்கப் போசணையாளரான எலின் சட்டர் முன்வைத்த ஒரு பொறுப்புப் பிரிப்பு, நம் வீடுகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். அதில் எவ்வளவு, உண்பதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டுச் சமைத்துவிட்டு, கைத்தொலைபேசியைக் காட்டி வாய்க்குள் திணிக்கிறோம்.

சொக்லேட்டைப் பரிசாக்கும்போது, கீரை ஒரு தண்டனை என்றும் சொக்லேட் ஓர் உயர்ந்த பொருள் என்றும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஜெனிபர் ஃபிஷர், லீயன் பேர்ச் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தைப் பற்றியே பிள்ளைகள் கூடுதலாகப் பேசினார்கள், கேட்டார்கள். 3ஆம் பதிலில் சொன்ன கேக்கின் கதை சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது.

புதிய உணவொன்றை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். வல்லாரைச் சம்பலில் ஒரு சிட்டிகையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நீங்கள் உங்களுடையதை உண்ணுங்கள். பிள்ளை விரலால் தொட்டுப் பார்த்தாலே அன்றைக்குப் போதும். சுகாதார விருத்திப் பதிவேட்டிலுள்ள வளர்ச்சிக் கோடு சரியாகப் போகிறவரை அவசரமில்லை. கோடு சரிந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

9. எனக்குச் சலரோகம். விரும்பினதைச் சாப்பிடுற கதை எனக்குச் சரிவருமோ?

சரிவரும், அதுவும் மிகவும் தேவையானதே. நோய் உங்கள் தெரிவுக்கு ஓர் எல்லையைப் போடுகிறது, தெரிவையே பறிப்பதில்லை. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ பிட்டோ, கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ என்பது பலருக்கும் பொருந்தும் எளிய அளவு. அதற்குள் எந்தக் கறி, எந்த அரிசி என்பது உங்கள் விருப்பம். பெருநாளுக்கு அயல்வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால், வெறும் வயிற்றில் உண்ணாமல் சாப்பாட்டுக்குப் பிறகு சிறு துண்டாக எடுத்து, அன்றைய சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

பயம் செய்கிற கெடுதியை இந்த நோயாளிகளிடம்தான் நான் அதிகம் காண்கிறேன். கிளினிக்குக்குப் போவதற்கு முந்திய இரண்டு நாள்கள் மட்டும் குரக்கன் ரொட்டியோடு இருந்துவிட்டு, வைத்தியரிடம் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகச் சொல்கிறார்கள். ஏச்சுக்குப் பயந்து மறைக்கப்படும் தகவல் தவறான மருந்தளவில் முடியலாம். கடந்த மூன்று மாதங்களில் குருதியில் இருந்த குளுக்கோசின் சராசரியை எச்பிஏ1சி என்ற குருதிப் பரிசோதனை காட்டிவிடும் என்பதால், மறைப்பதில் பயனும் இல்லை. சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் உணவைத் தவிர்ப்பது, குருதியில் குளுக்கோசை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

10. பி.எம்.ஐ. 25 வந்திட்டுது. எடையைக் குறைக்க நினைக்கிறதும் பிழையா?

நினைப்பது பிழையில்லை, உங்கள் உடல் உங்களுடையது. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உயரத்துக்கும் எடைக்குமான இந்த விகிதத்தை 1830களில் பெல்ஜிய அறிஞர் கெற்றலே, மக்கள்தொகைகளின் சராசரிகளை ஆராயும்போது வகுத்தார். இன்றைய பெயரை 1972இல் கொடுத்தவர் 3ஆம் பதிலில் வந்த அதே அன்செல் கீஸ். 2004இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழுவின் கருத்து, ஆசியருக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்கிறது. ஆகவே அதைப் புறக்கணிக்க வேண்டாம். இடுப்புச் சுற்றளவு, குருதியமுக்கம், குளுக்கோசு, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

எடை, நேரடியாக நம் கட்டளைக்குள் இருக்கும் பொருளன்று. மாலையில் காலிமுகத்திடலில் நடப்பது, சீனித் தேநீரின் எண்ணிக்கையைக் குறைப்பது, ஒழுங்காக உறங்குவது ஆகியவை நம் கையில் இருக்கின்றன. எடை குறையாவிட்டாலும் இவற்றால் நன்மை உண்டு. கல்யாண வீட்டு வாசலில் "நல்லா உடம்பு வச்சிட்டுது" என்று சொல்கிறவருக்கு நீங்கள் கணக்குக் காட்டத் தேவையில்லை.

11. நீங்கள் தெரிவு தெரிவு எண்டு சொல்லுறியள். காசில்லாத ஆக்களுக்கு என்ன தெரிவு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மூன்று வீடுகளில் சமைக்கும் ஒரு தாய், அவர் கேட்டது முற்றிலும் நியாயம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டு வாங்கியதை வாங்க ஏறக்குறைய இரட்டிப்புப் பணம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு பணவீக்கம் தணிந்தது என்றால், விலை உயரும் வேகம் குறைந்தது என்றே பொருள்; பழைய விலைக்குத் திரும்பியதாகாது. முட்டையும் பால்மாவும் பட்டியலிலிருந்து விழுந்த வீட்டில், சமநிலை உணவு பற்றி விரிவுரை செய்வது கொடுமை. அங்கே குறைவது அறிவோ ஒழுக்கமோ அல்ல, வருமானம். அதற்குத் தீர்வு கூலியிலும் விலையிலும் அரசின் உதவித் திட்டங்களிலும்தான் தேடப்பட வேண்டும்.

என்னால் சொல்லக்கூடியது சிறிதே. பருப்பு, நெத்தலிக் கருவாடு, கங்குன் போன்ற கீரைகள், பாசிப்பயறு ஆகியவை விலைக்கு நல்ல போசணை தருபவை. பாணும் சம்பலும் உண்ட நாளுக்காக வெட்கப்படாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் பட்டினி கிடக்கும் வழக்கத்தைத் தியாகம் என்று புகழ எனக்கு விருப்பமில்லை. இருப்பது எவ்வளவென்றாலும் தாய்க்கும் ஒரு பங்கு அதில் இருக்க வேண்டும்.

12. நான் மச்சத்தை விட்டிட்டன். பிறகு பாணையும் சீனியையும் எண்ணெயையும் விட்டன். இது என்ர தெரிவுதானே?

மச்சத்தை விட்டது தெரிவாக இருக்கலாம். நம் ஊரில் தலைமுறைகளாக மரக்கறி மட்டும் உண்டு நலமாக வாழ்பவர்கள் ஏராளம். பாலும் முட்டையும் கூட இல்லையென்றால் வைட்டமின் பி12 மாத்திரையாக எடுக்க வேண்டியிருக்கும். என்னைக் கவலைப்படுத்துவது, "பிறகு" என்று நீண்டுகொண்டே போகும் பட்டியல்.

உங்களை நீங்களே சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நண்பியின் பிறந்தநாளுக்குப் போகாமல் விட்டீர்களா? தவிர்த்த ஒன்றைத் தற்செயலாக உண்டுவிட்டால் அன்றைய நாள் கெட்டுப்போகிறதா? பட்டியல் எப்போதாவது சுருங்கியிருக்கிறதா, நீளமட்டும் செய்கிறதா? இவற்றுக்கான விடைகள் உங்களை உறுத்தினால், அடுத்த பதிலையும் வாசியுங்கள்.

13. எந்தக் கட்டத்தில டொக்டரிட்டப் போகவேணும்?

உண்டபின் வேண்டுமென்றே வாந்தியெடுப்பது; எடைக்காகப் பேதி மாத்திரை பாவிப்பது; நிறுத்த முடியாமல், பிறருக்கு மறைத்து, பெருமளவு உண்ணும் நிலை திரும்பத் திரும்ப வருவது; வேகமாக மெலிவது; மயக்கம்; மாதவிடாய் நின்றுபோவது; உண்ட குற்றத்துக்காக ஓய்வின்றி உடற்பயிற்சி செய்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இவை சிகிச்சையுள்ள நோய்கள். ஆண் பிள்ளைகளுக்கும் வரும். பருமனாகத் தோன்றுபவருக்கும் வரும். ஆகவே தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

குடும்ப வைத்தியரிடமிருந்தோ அரச வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கிலிருந்தோ தொடங்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, இரத்த வாந்தி என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

14. மகள் சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லுறாள், ஆனால் பார்சல் அப்படியே பையில இருக்குது. கேட்டால் கத்துறாள்.

பையைச் சோதித்துப் பிடித்துக் கேட்பதால், அடுத்த முறை அவள் இன்னும் நன்றாக மறைக்கப் பழகுவாள். சாப்பாட்டு மேசைக்கு வெளியே, இருவரும் மட்டும் இருக்கும் நேரத்தில், எடையையோ தோற்றத்தையோ தொடாமல், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "கொஞ்ச நாளா நீ களைச்சுப்போய் இருக்கிறாய், எங்களோட இருந்து சாப்பிடுறதும் குறைஞ்சிட்டுது. எனக்குப் பயமா இருக்குது." பிறகு அவளைப் பேச விடுங்கள். "வடிவாத்தானே இருக்கிறாய்" என்ற ஆறுதலும் உதவாது. பேச்சு மீண்டும் உடம்புக்கே போய்விடும்.

வீட்டில் ஒருவருடைய உடம்பைப் பற்றியும், உங்களுடையதையும் சேர்த்துத்தான், பேசுவதை நிறுத்துங்கள். மேசையில் எல்லோருக்கும் ஒரே உணவை, ஒரே நேரத்தில் வையுங்கள். முதல் பேச்சில் அவள் எழுந்து போய்விட்டால் சில நாள்கள் கழித்து மறுபடி பேசுங்கள். ஆனால் 13ஆம் பதிலில் உள்ள அறிகுறிகளில் ஒன்றைக் கண்டால் அவளுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் நீங்களாவது வைத்தியரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லி, அவளை எப்படி அழைத்து வருவது என்று கேளுங்கள்.